மெட்டீரியல் குரூப்ல போட்டாச்சு, சரி, அது யாருக்குப் படிக்க முடியுது?

எங்க காலேஜ் மட்டுமில்ல, எந்த ஆர்ட்ஸ் காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தாலும் இதைப் பார்க்கலாம். யூனிட் டூ மெட்டீரியல்னு ஒரு பிடிஎஃப் வந்து விழும். உள்ள போனா பழைய நோட்டுல கையால எழுதினதை போன்ல போட்டோ எடுத்து ஸ்கேனர் ஆப்ல ஒட்டி வச்சிருப்பாங்க, நாலாவது பக்கம் படுத்திருக்கும், ஆறாவது பக்கத்துல ஒரு கட்டைவிரல் தெரியும், கடைசிப் பக்கம் பாதி நிழல். பசங்க கழுத்தைச் சாய்ச்சு, பெருசாக்கி, எப்படியோ படிச்சிடறாங்க. அதனால இது ஒரு பிரச்சனையாவே யாருக்கும் தோணல.

நான் தென்மாவட்டத்துல ஒரு காலேஜ்ல எகனாமிக்ஸ் டிபார்ட்மெண்ட் கெஸ்ட் லெக்சரர், தமிழ் மீடியம் கிளாஸ். எங்க பக்கம் பார்வை இல்லாத பசங்க, காது கேக்காத பசங்க காலேஜுக்கு வர்றது புதுசு இல்ல, பாளையங்கோட்டையில இவங்களுக்கான பள்ளிக்கூடங்கள் நூறு வருஷத்துக்கும் மேல நடந்துட்டு இருக்கு. பிளஸ் டூ வரைக்கும் பிரெய்ல் புக்கு, சைகை தெரிஞ்ச டீச்சர், பழகின ஹாஸ்டல்னு இருந்துட்டு இங்க வந்து சேர்றப்போ கையில கிடைக்கிறது அந்த கட்டைவிரல் பிடிஎஃப்.

இவங்க எப்படிப் படிக்கிறாங்கன்னே நிறைய லெக்சரர்ஸுக்குத் தெரியாது, அதனால கொஞ்சம் சொல்றேன். கம்ப்யூட்டர்ல என்விடிஏன்னு ஒரு ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில இருக்கிற எழுத்தைக் குரலா படிச்சுச் சொல்ற சாஃப்ட்வேர், காசு கிடையாது, ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கரன் 2006-ல ஆரம்பிச்சு, அப்புறம் ஜேம்ஸ் டெஹ்ஹும் சேர்ந்து வளர்த்தது, ரெண்டு பேருக்குமே பார்வை கிடையாது. அதுக்கு முன்னாடி ஸ்கிரீன் ரீடர்னாலே விலையைக் கேட்டதும் திரும்பி வர்ற நிலைமைதான். என்விடிஏ கூடவே ஈஸ்பீக்னு ஒரு குரல் வரும், அது தமிழும் பேசும், மெஷின் பேசற மாதிரிதான் இருக்கும் ஆனா பேசும். போன்ல டாக்பேக் இருக்கு, அதுல கூகுள் தமிழ்க் குரல் இன்னும் தெளிவு. இதுல பழகின பசங்க வைக்கிற ஸ்பீடு இருக்கே, எனக்கு அது கிரீச்சுன்னு ஒரு சத்தமாத்தான் கேக்குது, அவன் அதைக் கேட்டுக்கிட்டே "மேம், மூணாவது பாராவுல சதவீதம் ரெண்டு தடவை வருது"ன்னு தப்பு கண்டுபிடிப்பான்.

ஆக படிக்கிற வசதி பையன்கிட்ட ஏற்கனவே இருக்கு. நாம அனுப்புற ஃபைல்லதான் படிக்க எழுத்து இல்ல.

எழுத்து இல்லைங்கறதுல மூணு விதம் இருக்கு. முதல் வகை அந்த போட்டோ பிடிஎஃப். ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் படம், "கிராஃபிக்"னு சொல்லிட்டு நின்னுடும், இல்ல ஒண்ணுமே சொல்லாது. ரெண்டாவது வகைதான் தமிழுக்கே உரிய கொடுமை. பார்க்க அச்சடிச்ச மாதிரி அழகா டைப் பண்ணின தமிழ், மவுஸ்ல செலக்ட் பண்ணினா செலக்டும் ஆகுது, அப்போ நல்ல ஃபைல்தானேன்னு நினைப்போம். ஆனா அது பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சதா இருந்தா உள்ள இருக்கிறது தமிழே கிடையாது. பாமினியில 'தமிழ்'னு நம்ம கண்ணுக்குத் தெரியறது ஃபைலுக்குள்ள ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். அவ்வளவுதான். இங்கிலீஷ் எழுத்து மேல தமிழ் எழுத்தோட உருவத்தைப் போர்த்தி வச்சிருக்காங்க. கண்ணு உருவத்தைப் பார்க்குது, ஸ்கிரீன் ரீடர் உள்ள இருக்கிறதைப் பார்க்குது. இருபது பக்க நோட்ஸை இப்படி ஜேகேபிஓன்னு கேட்டுப் பாருங்க.

மூணாவது வகை இன்னும் நுணுக்கம். யூனிகோடுல, அதாவது தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாவே ஃபைலுக்குள்ள வைக்கிற முறையில, ஒழுங்கா அடிச்சுட்டு பிடிஎஃப் ஆக்கும்போது சில சாஃப்ட்வேர் குழப்பி வச்சிடும். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு எல்லாம் எழுத்துக்கு முன்னாடி தனியா போய் உக்காந்துக்கும், 'கொ'வுக்கு நடுவுல ஸ்பேஸ் விழும், சில எழுத்து காணாமலே போகும். அந்த பிடிஎஃப்ல இருந்து ஒரு வரியை காப்பி பண்ணி நோட்பேட்ல ஒட்டிப் பார்த்தா உடனே தெரிஞ்சிடும். இந்த ஒரு டெஸ்ட் மட்டும் எல்லாரும் பண்ணினா போதும்னு எனக்குத் தோணும், அரை நிமிஷ வேலை: காப்பி பண்ணு, நோட்பேட்ல ஒட்டு, தமிழா வந்தா ஃபைல் உயிரோட இருக்கு.

பழைய ஃபான்ட் ஏன் இன்னும் போகலைன்னா அதுக்குக் காரணம் லெக்சரர் இல்ல, காலேஜ் வாசல்ல இருக்கிற டிடிபி சென்டர். தமிழ்நாடு அரசு 2010-லயே யூனிகோடுதான் தரம்னு அறிவிச்சாச்சு. ஆனா டிடிபி கடையில ஓடறது பேஜ்மேக்கர், அதோட கடைசி பெரிய வெர்ஷன் 2001-ல வந்தது, அதுக்கு யூனிகோடுன்னா என்னன்னே தெரியாது. அந்த அண்ணன் இருபது வருஷமா அதுலதான் கல்யாணப் பத்திரிகையும் கேள்வித்தாளும் அடிக்கிறார், விரல் அதுலயே பழகிடுச்சு, ஸ்பீடும் அதுலதான் வரும். அவரை மாத்தச் சொல்றதுக்கு பதிலா அவர் அடிச்ச டெக்ஸ்ட்டை வாங்கி கன்வர்ட் பண்ணிக்கலாம். என்எச்எம் கன்வர்ட்டர் இருக்கு, சுரதாவோட கன்வர்ட்டர் இருக்கு, ரெண்டும் ரொம்ப வருஷமா இலவசமா கிடைக்குது. பாமினி டெக்ஸ்ட்டைப் போட்டா யூனிகோடு வந்துடும். நடுவுல வர்ற இங்கிலீஷ் வார்த்தையும் சேர்ந்து தமிழா மாறி கோமாளித்தனமா நிக்கும், அதை மட்டும் கையால சரி பண்ணணும்.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். ஃபைல் பிறக்கிற இடத்துல அஞ்சு நிமிஷம் செலவழிச்சா முடியற வேலையை, அங்க விட்டுட்டு, அப்புறம் ஸ்டூடண்ட் தலையில, அவன் ஃப்ரெண்ட் தலையில, வாலண்டியர் தலையில கட்டிட்டு இருக்கோம். அடிக்கும்போதே யூனிகோடு, அனுப்பும்போது பிடிஎஃப் கூட வேர்டு ஃபைலையும் சேர்த்து அனுப்பறது, தலைப்பை வெறும் போல்டு போட்டு பெருசாக்காம ஹெடிங் ஸ்டைல் குடுக்கறது. இந்த ஹெடிங் விஷயம் சின்னதா தெரியும். என்விடிஏல எச் கீயைத் தட்டினா அடுத்த தலைப்புக்குத் தாவும், நாம புக்கைப் புரட்டி 'தேவை நெகிழ்ச்சி' எங்கன்னு தேடற மாதிரிதான் அவங்களுக்கு எச். ஹெடிங் இல்லாத நாப்பது பக்க ஃபைல்ல பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஒரு டாபிக் தேடணும்னா முதல் வரியில இருந்து கேட்டுக்கிட்டே வரணும்.

"இப்பதான் ஏஐ இருக்கே மேடம், போட்டோவைக் காட்டினா அதுவே படிச்சுடுமே"ன்னு ஒரு சீனியர் சொன்னார். படிக்கும்தான். பார்வை இல்லாதவங்களுக்கான பி மை ஐஸ் ஆப்ல 2023-ல இருந்தே அந்த மாதிரி வசதி இருக்கு, எங்க பசங்களும் யூஸ் பண்றாங்க. கூகுள் டிரைவ்ல படத்தைப் போட்டு டாக்ஸ்ல திறந்தாலும் அச்சுத் தமிழை ஓரளவு நல்லாவே எழுத்தாக்கிக் குடுக்கும். ஆனா கையெழுத்துன்னா தடுமாறும், டேபிள்னா வரிசை கலைஞ்சிடும், ரகரமும் துணைக்காலும் இடம் மாறும், ரெண்டு காலமா பிரிச்சு அச்சடிச்ச பக்கத்துல இந்தப் பக்க வரியும் அந்தப் பக்க வரியும் ஒண்ணா ஓடும். எகனாமிக்ஸ்ல ஒரு அட்டவணையில 38-க்கு பதிலா 83 வந்தா எதைச் சரின்னு அவன் எடுத்துக்குவான்? தப்பா படிச்சாலும் ஏஐ அதே தைரியமான குரல்லதான் சொல்லும். அதுவுமில்லாம, நாம ஒரு தடவை செய்யவேண்டியதை ஒவ்வொரு பையனும் ஒவ்வொரு தடவையும் செய்யணும்னு சொல்றது எந்த ஊர் நியாயம்.

சட்டம் இல்லையான்னா இருக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை குறைபாட்டை ஏத்துக்குது, அதுக்கு முன்னாடி 1995 சட்டத்துல 7 தான். அரசு காலேஜ், எய்டட் காலேஜ்ல 5 சதவீத சீட்டுக்குக் குறையாம ஒதுக்கணும்னு அதுலதான் இருக்கு. 2025 ஏப்ரல் 30-ல உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் வசதியை அணுகறதும் அரசியல் சட்டம் 21-வது பிரிவுல சொல்ற வாழ்வுரிமைக்குள்ளதான் வருதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. இவ்வளவு இருந்தும் நடக்கிறது என்னன்னா, கமிட்டி விசிட் வருதுன்னா ரேம்ப் கட்டுவாங்க, ஒரு ரூமுக்கு அழகா போர்டு மாட்டி நாலு கம்ப்யூட்டர் வைப்பாங்க, ரிப்பன் வெட்டி போட்டோ எடுப்பாங்க. சாவி ஒருத்தர்கிட்ட இருக்கும், அவர் லீவுல இருப்பார். ரேம்ப் வேண்டாம்னு சொல்லல, கண்டிப்பா வேணும். ஆனா ரேம்ப்ல ஏறி உள்ள வந்தவன் கையில அதே போட்டோ பிடிஎஃப்.

இப்போ எங்க சப்ஜெக்டோட தலைவலிக்கு வர்றேன். எகனாமிக்ஸ்ல பாதி படம். டிமாண்ட் கர்வ், சப்ளை கர்வ், சமநோக்கு வளைகோடு, அப்புறம் மூணாவது செமஸ்டர்ல மேக்ரோ வந்ததும் ஐஎஸ்-எல்எம், அதாவது வட்டியும் வருமானமும் எங்க நிலைக்குதுன்னு ரெண்டு கோடு வெட்டிக் காட்டற படம். புக்குல "படத்தில் காட்டியுள்ளபடி"ன்னு ஒரு வரி, கிளாஸ்ல "இங்க பாருங்க, இது இப்படிப் போகுது, அது அப்படி வந்து வெட்டுது". இங்க, இப்படி, அப்படி, இந்த மூணையும் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுப் பாருங்க, ஒண்ணும் கிடைக்காது.

படத்தை வார்த்தையில சொல்றதுக்கு ஒரு வரிசை இருக்கு, பழகப் பழகத்தான் வந்தது. முதல்ல ரெண்டு அச்சு: கிடை அச்சுல அளவு, செங்குத்து அச்சுல விலை. அப்புறம் கோடு எங்க ஆரம்பிக்குது, எந்தப் பக்கம் போகுது, எங்க முடியுது: இடது மேல ஆரம்பிச்சு வலது கீழ சரியுது. அப்புறம் ரெண்டு மூணு புள்ளி, நம்பரோட: தக்காளி கிலோ 20 ரூபாய்னா 50 கிலோ கேக்கறாங்க, 40 ஆனா 30 கிலோ, 60 ஆனா 10 கிலோ. கடைசியாத்தான் அர்த்தம், விலை ஏற ஏற தேவை குறையுது. இதை ஆல்ட் டெக்ஸ்ட்டா, அதாவது ஸ்கிரீன் ரீடர் மட்டும் படிக்கிற விளக்கமா, வேர்டுல படத்துக்குள்ள போட்டுடலாம், ஆனா நான் இப்பெல்லாம் படத்துக்குக் கீழ வெளிப்படையாவே எழுதிடறேன், ஏன்னா கிளாஸ்ல பாதிப் பேருக்கு படத்தைப் பார்த்தாலும் அது என்ன சொல்லுதுன்னு புரியறதில்ல, அவங்க அந்த நாலு வரியைத்தான் மனப்பாடம் பண்றாங்க. ஆல்ட் டெக்ஸ்ட்ல "டிமாண்ட் கர்வ் படம்"னு மட்டும் எழுதி வைக்கிறவங்களும் இருக்காங்க. ஃபைலை செக் பண்ற டூல் அதுக்குப் பாஸ் போட்டுடும். பையனுக்கு என்ன கிடைச்சுது?

சமநோக்கு வளைகோடு வந்ததும் நான் மாட்டிக்கிட்டேன். "ஆதிப்புள்ளியை நோக்கிக் குவிந்திருக்கும்"னு புக்குல இருக்கு. பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருத்தனுக்கு குவிஞ்சிருக்குன்னா எந்தப் பக்கம்? நான் வளைவு, உள்பக்கம், வெளிப்பக்கம்னு சுத்திச் சுத்திச் சொல்லிட்டு இருந்தேன். அவன் பொறுமையா கேட்டுட்டு, "மேம், கோடு தொப்பையை ஆதிப்புள்ளி பக்கமா தள்ளிக்கிட்டு நிக்குதா?"ன்னான். கிளாஸே சிரிச்சுது. அதுக்கப்புறம் எந்த பேட்ச்சுக்கும் நான் வேற மாதிரி சொல்றதே இல்ல. அப்படியும் ஐஎஸ்-எல்எம் மாதிரி ரெண்டு கோடும் நகர்ற படத்துக்கு வார்த்தை பத்தல. தெர்மாகோல் ஷீட்ல குண்டூசி குத்தி, ஒரு கோட்டுக்கு நூல், இன்னொரு கோட்டுக்கு ரப்பர் பேண்டு, விரலால தடவிப் பார்க்கச் சொல்றதுதான் வழி. கோடு வலது பக்கம் நகர்ந்தா குண்டூசியைப் பிடுங்கிக் குத்தணும், வெட்டற புள்ளி எங்க போச்சுன்னு அவனே தேடிக் கண்டுபிடிப்பான்.

இவங்களுக்கு வாய்ஸ் நோட் போட்டா நல்லதுன்னு ஒரு ஐடியா எல்லாருக்கும் வரும். நல்லதுதான், பார்வை இல்லாத பசங்க ரொம்ப சந்தோஷப்படறாங்க. ஆனா அதே கிளாஸ்ல காது கேக்காத பொண்ணு ஒருத்தி உக்காந்திருந்தா? கொரோனா சமயத்துல இது பட்டவர்த்தனமா தெரிஞ்சுது. உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கிற பிள்ளைங்களுக்கு ஆன்லைன் கிளாஸ்ல லெக்சரர் கேமராவை ஆஃப் பண்ணிட்டு ஸ்லைடை மட்டும் ஷேர் பண்ணினா கிளாஸே கிடையாது. திரும்ப காலேஜ் திறந்தா எல்லார் மூஞ்சியிலயும் மாஸ்க். ஒருத்தருக்குத் திறக்கிற கதவு இன்னொருத்தருக்கு மூடுது, அதனால வாய்ஸ் நோட் போட்டா கூடவே எழுத்தும் போகணும், வீடியோ போட்டா பேச்சைத் திரையில எழுத்தா காட்டற கேப்ஷன் இருக்கணும்.

கேப்ஷன்னா மெஷின் தானா போடற ஆட்டோ கேப்ஷன் இல்ல. நம்ம ஆளுங்க பேசற தமிழும் இங்கிலீஷும் கலந்த லெக்சருக்கு மெஷின் என்ன எழுதும்னு பார்த்தா சிரிப்பு வரும், அப்புறம் அதைப் படிச்சு பரீட்சை எழுதணும்னு நினைச்சா சிரிப்பு நின்னுடும். இந்தச் சண்டையை அமெரிக்காவுல பெரிய அளவுல போட்டிருக்காங்க. ஹார்வர்டு, எம்ஐடி ரெண்டும் இலவசமா ஆன்லைன்ல போட்ட லெக்சர்ல கேப்ஷன் இல்ல, இருக்கிறதும் தப்பும் தவறுமா இருக்குன்னு அங்க காது கேளாதோர் தேசிய சங்கம் 2015-ல கேஸ் போட்டுது. ஹார்வர்டு 2019-லயும் எம்ஐடி 2020-லயும் சமரசத்துக்கு வந்து கேப்ஷன் போட ஒத்துக்கிட்டாங்க. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட பெர்க்லி கேம்பஸ் கதைதான் எனக்கு உறுத்தல். கேலடெட்ங்கிற காது கேளாதவங்களுக்கான பல்கலைக்கழகத்துல வேலை பார்க்கிற ரெண்டு பேர் புகார் குடுக்க, 2016-ல அமெரிக்க அரசோட நீதித்துறை பெர்க்லிக்கு லெட்டர் அனுப்ப, பெர்க்லி என்ன பண்ணுச்சுன்னா 2017 மார்ச்ல இருபதாயிரத்துக்கும் மேல ஆடியோ வீடியோ லெக்சரைப் பொதுமக்கள் பார்க்க முடியாம எடுத்துட்டாங்க. உடனே திட்டு விழுந்தது புகார் குடுத்த ரெண்டு பேருக்கு, "உங்களாலதான் எல்லாருக்கும் போச்சு"ன்னு. 2022-ல ஒரு வழியா பெர்க்லியும் அரசும் உடன்பாட்டுக்கு வந்தாங்க. இந்தக் கதையைச் சொல்லி "பார்த்தீங்களா, ரொம்ப கேட்டா இருக்கிறதும் போயிடும்"னு நம்ம ஊர்லயும் பேசறவங்க உண்டு. ஆயிரக்கணக்கான மணி நேர வீடியோவுக்குப் பின்னாடி உக்காந்து கேப்ஷன் போடறது மலை மாதிரி வேலைதான், இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த மலை ஒரே நாள்ல வளரல, ஒவ்வொரு லெக்சரையும் கேப்ஷன் இல்லாம ஏத்தின ஒவ்வொரு நாளும் வளர்ந்தது. நம்ம காலேஜ்கள் இப்பதான் ரெக்கார்டு பண்ண ஆரம்பிச்சிருக்கு, மலை இன்னும் முழங்கால் உயரம்தான்.

காப்பிரைட் பயம் இன்னொண்ணு. "புக்கை ஸ்கேன் பண்ணி டெக்ஸ்ட்டாக்கிக் குடுத்தா பதிப்பகத்துக்காரங்க கேஸ் போடுவாங்க"ன்னு லைப்ரரியில சொல்லி அனுப்பிட்டாங்க. 2012-லயே காப்பிரைட் சட்டத்தைத் திருத்தி, மாற்றுத்திறனாளிகள் படிக்கிற வடிவத்துல லாபம் இல்லாம மாத்திக் குடுக்கறதை அனுமதிச்சாச்சு. பார்வை இல்லாதவங்களுக்குப் புக்கை இப்படி மாத்திக் குடுக்கறதுக்கான உலக அளவு மராகேஷ் ஒப்பந்தத்தை 2014-ல உலகத்துலயே முதல்ல ஏத்துக்கிட்ட நாடு இந்தியா. 2016-ல இருந்து சுகம்யா புஸ்தகாலயான்னு ஆன்லைன் லைப்ரரியும் இருக்கு. தமிழ் மீடியம் பிஏ சிலபஸ் புக்கு தேடிப் போனா பெரும்பாலும் வெறும் கையோடதான் திரும்பணும், அதனால டிபார்ட்மெண்ட்ல நாம அடிக்கிற நோட்ஸ்தான் அவங்களுக்கு டெக்ஸ்ட் புக்.

டெக்ஸ்ட்டா குடுத்தா மத்தவங்களுக்கும் லாபம் இருக்கு, நீட்டி முழக்காம சொல்லிடறேன். போட்டோ பிடிஎஃப் நாப்பது அம்பது எம்பி வரும், வேர்டு ஃபைல் சில நூறு கேபிதான், தினசரி டேட்டா பேக்கை எண்ணி எண்ணி செலவழிக்கிற பசங்களுக்கு இது பெரிய வித்தியாசம். டவுன் பஸ்ல ஒரு மணி நேரம் தொங்கிட்டு வர்ற பிள்ளைங்க இப்போ நோட்ஸை போன்ல படிக்க விட்டு இயர்போன்ல கேட்டுக்கிட்டு வருதுங்க, அதுங்களுக்கு கண்ணு நல்லாத்தான் தெரியும்.

ஆனா பரீட்சைன்னு வந்தா நோட்ஸ்ல செஞ்ச எதுவும் உதவாது, அது வேற உலகம். மத்திய அரசு 2018-ல போட்ட வழிகாட்டியிலயே ஸ்க்ரைப், அதாவது சொல்லச் சொல்ல எழுதித் தர்றவர், வச்சு எழுதறவங்களுக்கு மணிக்கு 20 நிமிஷம் குறையாம கூடுதல் நேரம்னு சொல்லியாச்சு, மூணு மணி நேரப் பேப்பருக்கு ஒரு மணி நேரம் கூட. செமஸ்டர்ல இது ஓரளவு நடக்குது. இன்டர்னல்ல ஆன்லைன் க்விஸ் வைக்கிறோமே, அதுல டைமர் எல்லாருக்கும் ஒண்ணுதான், அரை மணி ஆனா படக்குன்னு மூடிக்கும். ஸ்கிரீன் ரீடர்ல ஒரு கேள்வியையும் நாலு ஆப்ஷனையும் கேட்டு முடிக்கவே எவ்வளவு ஆகும்னு டைமர் செட் பண்றவங்க யோசிக்கறதில்ல, ஆளுக்கு ஆள் நேரத்தை மாத்தற வசதி நிறைய சாஃப்ட்வேர்ல செட்டிங்ஸ்லயே இருக்கு.

"வரைபடம் வரைந்து விளக்குக", பத்து மார்க். இதுதான் இப்போ எனக்கும் எக்ஸாம் செல்லுக்கும் நடக்கிற வழக்கு. பையன் சொல்றான், ஸ்க்ரைப் வரையறார், ஸ்க்ரைப்போ எகனாமிக்ஸ் படிக்காத பதினோராம் கிளாஸ் பையன். இவன் "இடது மேல இருந்து வலது கீழ"ன்னு சரியாத்தான் சொல்லியிருக்கான், அந்தப் பையன் நேர்க்கோட்டை நேரா கீழ இழுத்து வச்சிருக்கான், வேல்யுவேஷன்ல படத்துக்குப் பூஜ்யம். படத்துக்கு பதிலா அட்டவணையும் விளக்கமும் எழுதலாம்னு கேள்விக்குக் கீழ ஒரு "அல்லது" சேர்க்கச் சொல்லி டிபார்ட்மெண்ட்ல இருந்து லெட்டர் எழுதினோம். சிலபஸ் முடிவு பண்ற போர்டு ஆஃப் ஸ்டடீஸ்ல வைக்கணும்னாங்க, வச்சோம். மினிட்ஸ்ல ஏறிடுச்சு. இந்த நவம்பர் செமஸ்டருக்கு கேள்வித்தாள் செட் பண்றவங்க கைக்கு அது போய்ச் சேர்ந்துச்சான்னு போன் போட்டுக்கிட்டே இருக்கேன், "செக்ஷன்ல இருக்கு மேடம், பார்த்துச் சொல்றோம்"ங்கறாங்க.